அத்தையின் இருதயமும் ஆறு மணிக் காப்பியும்

சென்ற தை மாதக் கடைசி. சம்பா அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்த சமயம். பாபநாசத்துக்கு அருகேயுள்ள எங்கள் கிராமத்தில் சாலை நெடுகிலும் நெல்லைக் கொட்டி உலர்த்தியிருந்தார்கள். பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சிறப்பு வகுப்பு நடத்திவிட்டு நான் வீடு திரும்புவதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. கூடத்து ஊஞ்சலில் அத்தை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன அத்தை, உடம்புக்கு என்ன?"

"ஒன்றுமில்லையடா. நெஞ்சுக்குள்ளே யாரோ அறுவடை மெஷினை ஓட்டுகிற மாதிரி இருக்கிறது. தானே நின்றுவிடும்."

கையைப் பிடித்து நாடி பார்த்தேன். எண்ண முடியவில்லை, அவ்வளவு வேகம். அறுபத்தெட்டு வயது அம்மாள். அதற்கு மேல் யோசிக்கவில்லை. பக்கத்து வீட்டுக் காரில் ஏற்றிக்கொண்டு கும்பகோணத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே இருந்த டாக்டர் ஓர் இளம் பெண். என்னிடம் படித்தவள் என்பது அவள் "சார், நீங்களா!" என்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. ஈ.ஸி.ஜி. எடுத்தாள். நிமிஷத்துக்கு 184 துடிப்பு. இருதயத்தின் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே மின்சாரச் செய்தி ஒரு வட்டத்தில் மாட்டிக்கொண்டு செக்கு மாடு போல் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று எனக்கு விளக்கிவிட்டு, "பாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நன்றாக முக்குங்கள்" என்றாள். பாட்டி முக்கினாள். பயன் இல்லை. பிறகு அந்தப் பெண் ஒரு கேள்வி கேட்டாள். அந்தக் கேள்விதான் இந்த வாரம் என்னை எழுத வைத்தது.

"பாட்டி, கடைசியாக எப்போது காப்பி குடித்தீர்கள்?"

"இதென்ன கேள்வி? மூன்று மணிக்கு ஒரு டம்ளர். அப்புறம் ஆறு மணிக்கு ஒரு டம்ளர், அதுவும் அறுவடைக்கு வந்தவர்களுக்குப் போட்டதில் மிச்சம். வீணாக்கலாமா?"

டாக்டர் சிரித்துக்கொண்டே ஊசி மருந்தை எடுத்தாள். ஆறு மில்லிகிராம் மருந்தை ரத்தக் குழாயில் விருட்டென்று செலுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. "எதிர்பார்த்ததுதான்" என்று சொல்லிப் பன்னிரண்டு மில்லிகிராம் செலுத்தினாள். அத்தையின் முகம் சிவந்தது; கண்கள் அகன்றன. காகிதத்தில் ஓடிக்கொண்டிருந்த கோடு நேராகப் படுத்துவிட்டது. மூன்று நான்கு விநாடிகள் இருக்கும். நான் பிடித்திருந்த கட்டில் கம்பி இன்னும் என் கையில் சில்லென்று இருக்கிறது. பிறகு ஒரு துடிப்பு, இன்னொரு துடிப்பு. அப்புறம் 82, 80, 78 என்று இருதயம் சாது போல் நடக்கத் தொடங்கிற்று.

"செத்துப் போய்த் திரும்பி வந்தேனடா" என்றாள் அத்தை.

மருந்தின் பெயர் என்ன என்று கேட்டேன். "அடினோஸின், சார். நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதானே!"

* * *

உண்மைதான். பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கிறவன் நான். அடினோஸின் என்ற பெயரை ஆயிரம் தடவை கரும்பலகையில் எழுதியிருப்பேன். அதனோடு மூன்று பாஸ்பேட்டுகள் சேர்ந்தால் அடினோஸின் டிரைபாஸ்பேட், சுருக்கமாக ஏ.டி.பி. உயிரணுக்களின் செலாவணி அது என்று பாடம். நாம் உண்ணும் சோற்றின் சக்தி நேரே தசைக்குப் போவதில்லை, ஏ.டி.பி.யாக மாறித்தான் செலவாகிறது. கைச்சரக்கு எப்போதும் மிகக் கொஞ்சம். ஆனால் அது செலவாகி, மறுபடி உண்டாகி, மறுபடி செலவாகும் சுற்றை ஒரு நாள் முழுவதும் கூட்டிக் கணக்கிட்டால், ஒரு மனிதனுடைய எடைக்கு ஏறக்குறையச் சமமாக வருகிறது. இதைச் சொன்னால் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள், மணி அடிக்கும், பாடம் முடிந்தது.

சக்தியைக் கொடுக்கிற பொருளின் ஒரு துண்டு, ஓடுகிற இருதயத்தை நிறுத்துவானேன்? காப்பி குடித்திருந்தால் அது பலிக்காமல் போவானேன்? இந்த இரண்டு கேள்விகளை என் மாணவர்கள் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை என்பதுதான் இதில் வெட்கப்பட வேண்டிய அம்சம்.

விஷயம் இதுதான். ஏ.டி.பி. உயிரணுவுக்குள்ளே இருக்கிற வரையில் அது சக்தி. வெளியே வந்துவிட்டால் அது செய்தி. நம் டெல்டாப் பக்கத்து ஜனங்களுக்கு இதை விளக்குவது கஷ்டமல்ல. வயலுக்குள் நிற்கும் தண்ணீர் பயிருக்கு ஆகாரம். அதே தண்ணீர் வரப்பைத் தாண்டிச் சாலையில் ஓடினால், "எங்கேயோ மடை உடைந்துவிட்டது" என்று அது ஊருக்கே அறிவிக்கிறது. உயிரணுவின் உள்ளே ஏ.டி.பி. நிறைய இருக்கிறது, வெளியே இருப்பது இல்லாததற்குச் சமம். ஆகவே வெளியே ஒரு துளி சிந்தினாலும் அக்கம்பக்கத்து அணுக்கள் கவனித்துவிடுகின்றன. கவனிப்பதற்கென்றே அவற்றின் மேல் தோலில் ஏற்பிகள் இருக்கின்றன. காயம் பட்டால் சிந்துகிற ஏ.டி.பி.தான் வலி நரம்பைத் தட்டி எழுப்புகிறது. ரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்களைக் கூப்பிடுகிறது.

சிந்திய ஏ.டி.பி. வெகு நேரம் அப்படியே இருப்பதில்லை. ஒவ்வொரு பாஸ்பேட்டாகக் கழன்று, கடைசியில் வெறும் அடினோஸின் மிஞ்சுகிறது. எரிந்த விறகுக்குச் சாம்பல் எப்படியோ அப்படி. உடம்பு இந்தச் சாம்பலையும் வீணாக்காமல் படித்துப் பார்க்கிறது. இருதயத் தசை வரவுக்கு மீறி உழைத்தால் அங்கே அடினோஸின் சேர்கிறது. அது "மெதுவாகப் போ" என்று இருதயத்துக்கும், "வழியை அகலப்படுத்து" என்று ரத்தக் குழாய்களுக்கும் உத்தரவு கொடுக்கிறது. டாக்டர் செய்ததெல்லாம் இந்த உத்தரவை ஊசி மூலம் பலமாகச் சொன்னதுதான். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவேயுள்ள முடிச்சு சில விநாடி வேலையை நிறுத்திற்று. சுற்றிக்கொண்டிருந்த செக்கு மாடு நின்றது. அடினோஸின் ரத்தத்தில் பத்து விநாடி கூட நிலைப்பதில்லை. ஆகையால்தான் அத்தை உடனே திரும்பி வந்தாள்.

மூளையிலும் இதே கதை. விழித்திருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் அங்கே அடினோஸின் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே வருகிறது. "போதும், படு" என்று அது சொல்கிறது. இந்த இடத்தில்தான் காப்பி வருகிறது. காப்பியிலுள்ள காபீன் உருவத்தில் அடினோஸினுக்குத் தாயாதி. இரண்டும் ப்யூரின் என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. முகஜாடை ஒன்றாக இருப்பதால் அடினோஸின் உட்கார வேண்டிய ஏற்பியில் காபீன் போய் உட்கார்ந்துகொள்கிறது. உட்காருகிறதே தவிர, செய்தி எதுவும் சொல்வதில்லை. வந்த தபால்காரன் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். களைப்பு போய்விடவில்லை, களைப்பின் கடிதம் வந்து சேரவில்லை, அவ்வளவே.

அத்தையின் முதல் ஊசி பலிக்காததற்கும் காரணம் இதுவே. ஆறு மணிக் காப்பி அவளுடைய இருதயத்தின் ஏற்பிகளில் ஏற்கனவே இடம் பிடித்து உட்கார்ந்திருந்தது.

* * *

நிற்க. இந்த ஏ.டி.பி.யைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் நம் சென்னை மாகாணத்து மனிதர் என்பதை வாசகர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? கல்லூரிச் சோதனைச்சாலையில் நான் பாஸ்பரஸை அளந்த முறைக்கு "ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை" என்று பெயர். கண்ணாடிக் குழாயில் நீல நிறம் வரும். எவ்வளவு நீலமோ அவ்வளவு பாஸ்பரஸ். நீலத்தைப் பார்த்தேனே தவிர, சுப்பாராவ் யார் என்று பார்க்கவில்லை.

எல்லாப்ரகட சுப்பாராவ் 1895 ஜனவரி 12-ஆம் தேதி பீமாவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு தடவை தோற்று, மூன்றாம் முறை சென்னையில் ஹிந்து ஹைஸ்கூலில் படித்துத் தேறினார். (இதை நான் ஒவ்வொரு வருஷமும் மே மாதத்தில் சில வீடுகளுக்குப் போய்ச் சொல்வது வழக்கமாகிவிட்டது.) மாநிலக் கல்லூரியில் படித்துச் சென்னை வைத்தியக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டுக் கதர் அங்கி அணிந்து அறுவைச் சிகிச்சை வகுப்புக்குப் போனார். அதன் பலன், மற்றப் பாடங்களில் நன்றாகத் தேறியும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதற்குக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளினார். பிறகு அமெரிக்கா சென்று பாஸ்டன் நகரில் இறங்கினார்.

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கே என்பவரோடு சேர்ந்து மேற்படி நீல நிற முறையை 1925-இல் வெளியிட்டார். அந்த அளவுகோலைக் கொண்டே தசையிலிருந்த பாஸ்போகிரியேட்டினை 1927-இல் கண்டார்கள், 1929-இல் ஏ.டி.பி.யைப் பிரித்தெடுத்தார்கள். அதே வருஷம் ஜெர்மனியில் கார்ல் லோமான் என்பவரும் தனியாகக் கண்டுபிடித்து, சில வாரங்கள் முந்தி வெளியிட்டுவிட்டார். ஆகவே பாடப் புத்தகங்களில் சில லோமான் என்கின்றன. சில மூவர் பெயரையும் சொல்கின்றன. பல புத்தகங்கள் யார் பெயரையும் சொல்வதில்லை.

இதில் எனக்கு மிகவும் ஆச்சரியமாகத் தோன்றுவது வேறொன்று. அதே 1929-ஆம் வருஷம் கேம்பிரிட்ஜில் ட்ரூரியும் செண்ட்-கியார்கியும் இருதயத் தசையின் சாற்றைப் பிராணிகளுக்குச் செலுத்தி, துடிப்பு மெதுவாவதைக் கண்டார்கள். சாற்றில் அந்த வேலையைச் செய்தது அடினோஸின் வகைப் பொருள் என்றும் காட்டினார்கள். சக்தி என்ற பாதியை அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கத்தில் ஒருவரும், செய்தி என்ற பாதியை இந்தப் பக்கத்தில் ஒருவரும் ஒரே வருஷத்தில் கண்டுபிடித்திருக்கிறார்கள். இரண்டு பாதிகளும் சேர நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

சேர்த்து வைத்தவர் ஜெஃப்ரி பர்ன்ஸ்டாக். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரில் பிராணிகளின் குடல் தசையை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். நரம்புகள் தசைக்குச் செய்தி அனுப்பப் பயன்படுத்துவதாக அந்நாளில் தெரிந்திருந்த இரண்டு பொருள்களையும் அவர் மருந்து கொடுத்துத் தடுத்துவிட்டார். அப்படியும் நரம்பைத் தூண்டினால் தசை தளர்ந்தது. மூன்றாவதாக ஏதோ ஒரு தூதன் இருக்க வேண்டும். அது ஏ.டி.பி. என்று 1970-இல் சொன்னார். 1972-இல் அப்படிப்பட்ட நரம்புகளுக்குப் "ப்யூரினர்ஜிக்" என்று பெயரும் வைத்தார். விஞ்ஞானிகள் சிரித்தார்கள். ஒவ்வோர் அணுவிலும் கிடக்கிற சக்திப் பொருளைக் கொண்டு போய் யாராவது தபால் அனுப்புவார்களா? அந்தப் பெயரையே திரித்து, "ப்யூர் இமேஜினர்ஜிக்", அதாவது சுத்தக் கற்பனை என்று பரிகசித்தவர்களும் உண்டு. 1990-களில் ஏற்பிகளின் மரபணுக்கள் ஒவ்வொன்றாகக் கையில் கிடைத்த பிறகு சிரிப்பு நின்றது. பர்ன்ஸ்டாக் 2020 வரை வாழ்ந்து அதைக் கண்ணால் கண்டார்.

சுப்பாராவுக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. ஹார்வர்டில் நிரந்தர உத்தியோகம் கிடைக்காமல் 1940-இல் லெடர்லே என்ற மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிச்சாலைக்குப் போனார். போலிக் அமிலமும், ரத்தப் புற்றுநோய்க்கான மெதோட்ரெக்ஸேட்டும் அவருடைய கூட்டத்தாரிடமிருந்து வந்தவை. யானைக்கால் நோய்க்கு டி.இ.ஸி. என்ற மாத்திரையும் 1947-இல் அங்கிருந்துதான் வந்தது. யானைக்கால் என்றால் என்னவென்று கும்பகோணத்துக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் சிறுவனாயிருந்தபோது தெருவுக்கு ஒருவராவது வேட்டியைத் தழையக் கட்டிக் காலை மறைத்துக்கொண்டு நடப்பார்கள். பிறகு சுகாதார ஊழியர்கள் வீடு வீடாக வந்து, எதிரிலேயே விழுங்கச் சொல்லிக் கொடுத்துப் போன மாத்திரை அதுதான். என் மாணவர்களில் பலர் அந்தக் காலைப் பார்த்ததே இல்லை. 1948 ஆகஸ்டில், தேசம் விடுதலை பெற்று ஒரு வருஷம் நிறைவதற்குச் சில நாள் முன்பு, நியூயார்க்கில் மாரடைப்பால் சுப்பாராவ் காலமானார். வயது 53. அமெரிக்காவுக்குப் போனபோது இங்கே விட்டுச் சென்ற மனைவியை அவர் மறுபடி பார்க்கவேயில்லை.

* * *

இதெல்லாம் சரி, நம் வீட்டுக்கு இதனால் என்ன என்று கேட்கும் வாசகர்கள் தங்கள் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்து பார்க்கலாம். இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர் ஒருவர் குடும்பத்தில் இருந்தால், க்ளோபிடோக்ரெல் என்ற மாத்திரை அங்கே அநேகமாக இருக்கும். காயம் பட்ட இடத்தில் ரத்தத் தட்டணுக்கள் ஒன்றையொன்று கூவி அழைப்பது ஏ.டி.பி. என்ற பொருளால் அல்ல, அதில் ஒரு பாஸ்பேட் கழன்ற ஏ.டி.பி.யின் தம்பியால், அதற்கு ஏ.டி.டி. என்று பெயர் வைத்திருந்தால் நமக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், ஆனால் வைத்த பெயர் அடினோஸின் டைபாஸ்பேட். இந்த மாத்திரை அந்தக் கூவல் காதில் விழாமல் செய்கிறது. வேடிக்கை என்னவென்றால், மாத்திரை 1997-இலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. அது எந்த ஏற்பியை அடைக்கிறது என்பது 2001-இல்தான் துலங்கிற்று. "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்றோ, பல் பிடுங்க வேண்டுமென்றோ இந்த மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுகிறவர்கள் நம் ஊரில் உண்டு. ஸ்டென்ட் வைத்துச் சில மாதங்களே ஆனவர் அப்படி நிறுத்தினால் குழாய்க்குள் ரத்தம் உறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டரைக் கேட்காமல் ஒரு நாளும் நிறுத்தக் கூடாது.

நாக்கின் விஷயம் இன்னும் ருசிகரமானது. சுவை மொட்டுகள் நரம்புக்குச் செய்தி சொல்லுவதும் ஏ.டி.பி. மூலமாகவே. தொண்டையில் இருமலைத் தூண்டும் நரம்புகளும் அதே மாதிரி ஏற்பியை உடையவை. தீராத இருமலுக்கு அந்த ஏற்பியை அடைக்கும் கெஃபாபிக்ஸன்ட் என்ற மருந்து 2022-இல் ஜப்பானில் அனுமதி பெற்றது. இருமல் குறைந்தது, ஆனால் சாப்பிட்ட பலருக்கு நாக்கில் ருசி கெட்டுவிட்டது. ஆக, டிகாக்ஷனின் கசப்பை மூளைக்குச் சொல்லுவது ஏ.டி.பி.; சொல்லி முடித்ததும் உள்ளே போய் அதே குடும்பத்து அடினோஸினின் வாயை அடைப்பது அந்தக் காப்பி.

காப்பியைப் பற்றிப் பேசும்போது நான் அதன் எதிரி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். காவேரியும் காப்பியும் ஒரே குடகு மலையிலிருந்துதான் நம்மிடம் இறங்கி வருகின்றன. ஒன்றை வரவேற்று மற்றொன்றைத் திருப்பி அனுப்ப எனக்கு மனமில்லை. குறைமாதத்தில் பிறந்து மூச்சு விட மறந்துபோகும் குழந்தைகளுக்கு டாக்டர்கள் கொடுக்கும் மருந்தே காபீன்தான். அதனால் பலன் உண்டென்று பெரிய பரிசோதனை ஒன்று 2006-இல் காட்டியிருக்கிறது. பார்க்கின்ஸன் நோய்க்கு, அடினோஸின் ஏற்பிகளில் ஒன்றை அடைக்கும் மருந்து ஜப்பானில் 2013-இலும் அமெரிக்காவில் 2019-இலும் அனுமதி பெற்றிருக்கிறது.

என் சண்டை வேறொன்றோடு. எங்கள் பள்ளிக்கூடத்து வாசலில் உள்ள கடையில் தகர டப்பாக்களில் "சக்தி பானம்" விற்கிறார்கள். பரீட்சை மாதத்தில் பிள்ளைகள் சோற்றுக்குப் பதில் அதைக் குடிக்கிறார்கள். டப்பாவுக்குள் இருப்பது சர்க்கரையும் காபீனும். சர்க்கரை கொடுக்கும் சக்தியை ஒரு பிடி பழைய சோறும் கொடுக்கும். காபீன் சக்தி எதுவும் கொடுப்பதில்லை. வளர்ந்தவர்களின் உடம்பில் குடித்த காபீனில் பாதி கழிவதற்குச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகிறது; மாலை ஐந்து மணிக்குக் குடித்ததில் பாதி இரவு பத்து மணிக்கும் இருக்கும். விடிய விடிய விழித்துப் படித்த பையன் காலையில் பரீட்சைக் கூடத்தில் உட்காரும்போது, வாசலில் காத்திருந்த தபால்காரர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் உள்ளே நுழைகிறார்கள். படித்தது மனத்தில் தங்குவதற்கே தூக்கம் வேண்டும் என்பது வேறு. இந்த வருஷம் ஏ.டி.பி. பாடத்தை நடத்தும்போது மணி அடித்த பிறகும் கால் மணி நேரம் இதைச் சொன்னேன். ஒரு பையன் எழுந்து, "சார், அப்படியானால் நீங்கள் ஆசிரியர் அறையில் குடிக்கிறது?" என்றான். நியாயமான கேள்வி. பாடத்தை அத்துடன் முடித்துக்கொண்டேன்.

அத்தைக்கு டாக்டர் முழுத் தடை போடவில்லை. காலையில் ஒன்று, பகலில் ஒன்று; மாலைக் காப்பி கிடையாது என்று ஏற்பாடு. மறுபடி நெஞ்சு ஓடினால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் காட்டுவதற்காக, "அடினோஸின் ஊசி: ஆறுக்குப் பலிக்கவில்லை, பன்னிரண்டுக்குப் பலித்தது. காப்பி குடித்த நேரத்தைக் கேட்கவும்" என்று ஒரு சீட்டில் நான் எழுதிக் கொடுத்தேன். அதை மடித்துச் சுருக்குப் பையில் வைத்திருக்கிறாள். போன வாரம் எதற்கோ அந்தச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். என் எழுத்துக்குக் கீழே, நடுங்கும் கையெழுத்தில் அவளே ஒரு வரி சேர்த்திருந்தாள்:

"காலை 6. பகல் 2. அறுவடை நாளில் மாத்திரம் இன்னொன்று, அரை டம்ளர்."